கொண்டைக்குக் குங்குமம்

காலை அக்கட்டால நகத்த வேண்டாங்க தம்பி, கொத்தாது. பைக்குள்ள சேவல்தான் இருக்குது. ரெண்டு காலையும் கட்டித்தான் போட்டிருக்கறேன். மூச்சு விடறதுக்குப் பையில ஓட்டை போட்டிருக்குது. இந்தக் கண்டக்டரு முதல்ல ஏத்த மாட்டேன்னுட்டாரு. சாமி சேவலுங்கன்னு சொன்னேன், சரி பின்னால போங்கன்னுட்டாரு. சாமின்னா எல்லாருக்கும் கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்யுது.

நீங்க எதுவரைக்கும்? சென்னிமலைங்களா. சரி. நான் அதுக்கு முந்தியே எறங்கிக்குவேன்.

என்ற பேரு சென்னியப்பன். கோழி விசயத்துல எங்கூர்ல என்னையக் கேக்காம எவனும் ஒரு குஞ்சு வாங்க மாட்டான். பெருமைக்குச் சொல்லலீங்க. பெருமைக்கே சொன்னாலும் தப்பில்ல. இப்ப சந்தையில பாத்தீங்கன்னா நாட்டுக்கோழிம்பான், பண்ணைக் கிராஸைத் தலையில கட்டீருவான். ரெகை, வாலு, காலு எல்லாம் அச்சு அசல் நாட்டுக்கோழிதான். என்றகிட்ட அது நடக்காது. கையில தூக்குனாப் போதும். நாட்டுக்கோழி நெஞ்செலும்பு அருவா முதுகாட்டம் கைக்குத் தட்டும். பண்ணைது பொதபொதன்னு இருக்கும். நடக்க உட்டா இன்னும் நல்லாத் தெரியும். கூவ உட்டாக் கேக்கவே வேண்டாம், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லீருவேன்.

செல பேரு கொண்டையப் பாப்பாங்க. இது நல்லாச் செவந்திருக்குது, இது வெளுத்திருக்குதும்பாங்க. கொண்டையப் பாத்துச் சொல்றதெல்லாம் எழுத்துத் தெரியாதவன் படத்தைப் பாத்துக் கதை சொல்றாப்பிடீங்க. நான் இன்னைக்கு வரைக்கும் கொண்டையப் பாத்ததில்ல.

அப்படியாப்பட்ட எனக்கு இந்த மாசியில ஒரு அவமானம் நடந்து போச்சு. சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீங்க கேட்டதுனால சொல்றேன். கேக்கலீங்களா? சரி, கேட்ட மாதிரிதான் இருந்துச்சு.

போன வருசம் ஆடியில என்ற சம்சாரத்துக்குக் கர்ப்பப்பையில கட்டின்னு சொல்லீட்டாங்க. வேலாத்தான்னு பேரு. கோயமுத்தூரு கூட்டிக்கிட்டுப் போயி ஆப்பரேசன். உள்ள கொண்டு போனவளை அஞ்சு மணி நேரம் வெளிய கொண்டாரல. நான் அந்த வராண்டாவுல நின்னுக்கிட்டு, முனியப்பா, இவ உசுரோட வெளிய வந்தா உனக்கு ஒரு கருஞ்சேவல் குடுக்கறேன், ஊட்டுலயே பொறந்து ஊட்டுலயே வளந்த சேவலாக் குடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். எங்க குலத்துக்கு முனியப்பன்தான். கறுப்புத்தான் அதுக்கு ஆகும். அப்பறமேட்டுக்குத்தான் அந்தக் கதவைத் தொறந்தாங்க. நான் அழுதனுங்க தம்பி. அதை அவகிட்ட இன்னும் சொல்லல.

ஊட்டுக்கு வந்து ஒரு கறுப்புக் குஞ்சைப் பாத்து சாமிக்குன்னு நேந்து உட்டேன். எங்க ஊட்டுக்கும் நாச்சிமுத்து ஊட்டுக்கும் பொறத்தால இருக்கற பொடக்காணி ஒண்ணுதான், நடுவால ஒரு வேலி, அதுவும் பாதி இல்ல. இந்த நாச்சிமுத்து இருக்கறானே, அவன் நல்லவன்தான். ஆனா யூடியூப் பாக்கறவன். அதுல எதையோ பாத்துப்போட்டு மத்தியப் பிரதேசத்துக் கோழின்னு கடக்நாத்துக் குஞ்சு பத்து கொண்டாந்து உட்டுட்டான். கருங்கோழிம்பாங்களே, அதுதான். ரெகை கறுப்பு, காலு கறுப்பு, நாக்குக் கறுப்பு, கறியும் கறுப்பு, எலும்பும் கறுப்பு. திங்கறதுக்கு எப்படித்தான் மனசு வருமோ. ஒம்பதை வித்துப்போட்டு ஒரு சேவலை வெச்சுக்கிட்டான்.

ஆறு மாசத்துல ரெண்டும் வளந்து நின்னுச்சு. அவன் சேவலு, என்ற சேவலு. ஒரே உசரம், ஒரே வாலு, காலும் ஒரே கறுப்பு, வெயில்ல பாத்தா ஒரே மினுமினுப்பு. நாச்சிமுத்து ஒரு நாளு, ஏனுங்க மாமா, உங்குளுது எது, என்றது எதுன்னு சொல்லுங்க பாக்கலாம்னான். நடக்க உட்றான்னேன். நடந்துச்சு. சொல்லிப்போட்டேன். என்ற சேவலு மண்ணை ஒதச்சு நடக்கும், அவனுது துணி காயப்போட்ட எடத்துல நடக்கறாப்பிடி காலைத் தூக்கித் தூக்கி வெக்கும். அவன் சிரிச்சுக்கிட்டே, நடையெதுக்குங்க மாமா, கொண்டையப் பாத்தாலே தெரியுதுங்களேன்னான். கத்துக்குட்டி.

இந்தப் பேச்சு நடந்ததுக்கு மறுநாளு பாக்கறேன், என்ற சேவலு கால்ல ஒரு வெள்ளைத் துணி கட்டியிருக்குது. வேலாத்தாதான். பழைய வேட்டியக் கிழிச்சுக் கட்டியிருக்கறா. எதுக்குடீன்னு கேட்டா, சாமி சேவலுங்க, அடையாளம் இருந்தா நல்லதுங்கன்னா. எனக்கெதுக்கு அடையாளம்? எங்கூர்ல கோழிக்கே அடையாளம் நாந்தான். நாச்சிமுத்து பாத்தா என்ன நெனைப்பான்? கத்திரிக்கோலை எடுத்து அந்த எடத்துலயே வெட்டிப்போட்டேன். அவ வெட்டின துணியை எடுத்து மடிச்சு முந்தானையில முடிஞ்சுக்கிட்டா.

அவ எப்பவுமே அப்படித்தானுங்க. எதுலயும் ஒரு கை போடோணும். தக்காளிக் காட்டுக்குப் போனா, நீங்க அந்தச் சாலுக்குத் தண்ணி பாருங்க, பழத்தை நான் பறிச்சுக்கறேனும்பா. பழத்தைப் பறிக்க என்னால முடியாதா? ஒவ்வொண்ணா அமுக்கிப் பாத்துப் பறிப்பேன். பாத்த ஒடனே பறிக்கறவன் அவசரக்காரன். மொபெட்டுல பொறத்தால உக்காந்தா ஈரோட்டுல சிக்னலுக்கு சிக்னல் முதுகுல ஒரு தட்டுத் தட்டுவா. நிக்கோணும்னா ஒரு தட்டு, போவோணும்னா ரெண்டு தட்டு. முப்பத்தஞ்சு வருசமாத் தட்டறா. நானென்ன வண்டி மாடா? அதைச் சொன்னா, பழகிப் போச்சுங்கம்பா. பழகத்தான் போச்சு. அவ இல்லாமப் போனா எனக்கு வண்டியே ஓடறதில்ல.

நான் டிரைவராப் போயிருக்க வேண்டிய ஆளுங்க. கல்யாணமான புதுசுல ஒரு கம்பெனியில டிரைவர் வேலைக்குக் கூப்பிட்டாங்க. எட்டுப் போடச் சொன்னாங்க, போட்டேன். ரிவர்ஸ் எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். கடைசியில ஒரு டாக்டரு பொஸ்தகத்தை விரிச்சாரு. பூராவும் புள்ளி. கோலமாவு கொட்டினாப்பிடி புள்ளி. இதுல என்ன நம்பரு இருக்குதுன்னு கேட்டாரு. அதுல நம்பரே இல்லீங்க தம்பி. வெறும் புள்ளி. இல்லாத நம்பரை எப்படிச் சொல்றது? இல்லீங்கன்னேன். அடுத்த பக்கம். அதுலயும் இல்ல. ஒரு சீட்டு எழுதிக் குடுத்து அனுப்பீட்டாரு. இங்கிலீசுல இருந்துச்சு. வேலாத்தா எட்டாவது படிச்சவ, அதை எடுத்துக்கிட்டு எங்கூரு வாத்தியாரூட்டுக்குப் போயிட்டு வந்தா. என்ன எழுதியிருக்குதுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லீங்க, முந்தியே வேற ஆளுக்குன்னு முடிவு பண்ணீட்டாங்களாமா, நமக்கு அந்த வேலை வேண்டாங்கன்னா. அதே மாதிரிதான் நானும் நெனைச்சேன். அந்தச் சீட்டை இன்னமும் பொட்டியில வெச்சிருக்கறா. எதுக்குன்னுதான் தெரியல.

எங்க உட்டேன்? மாசி. ஆமாங்க.

சாமி கும்புடறதுக்கு முந்தின நாளு பொழுதெறங்கற நேரத்துல ரெண்டு சேவலும் வேலிச் சந்துல சண்டை போட்டுக்கிச்சு. நாச்சிமுத்து திருப்பூரு போயிருந்தான். அவன் சம்சாரம் ஓடியாந்து ஒரு குடம் தண்ணியத் தூக்கி ஊத்தி, பிரிச்சு, ஆளுக்கொரு கொடாப்புல போட்டு மூடீட்டா. மூங்கக் கூடைங்க, கவுத்து வெக்கறது. ரெண்டு கொடாப்பும் பக்கத்துல பக்கத்துல. நான் வந்து பாக்கறப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு. எதுல எது இருக்குதுன்னு கேட்டிருக்கலாம். கேக்கல. கேட்டா என்ன நெனைப்பா? சென்னியப்பனுக்கே தெரியலையான்னு ஆயிருமில்லீங்க.

வெடிஞ்சு எந்திரிச்சுப் போனேன். வேலாத்தா பால் ஊத்தறதுக்கு சொசைட்டிக்குப் போயிட்டா. ரெண்டு கொடாப்பையும் தூக்கிப் பாத்தேன். ரெண்டும் அடி வாங்கி, ரெகை பிஞ்சு, ஒண்டி உக்காந்திருக்குது. நடங்கடான்னா நடக்குமா? ரெண்டும் நொண்டுது. கூவுங்கடான்னா கூவுமா? தொண்டை கட்டிக் கெடக்குது. தூக்கிப் பாத்தேன். எடையும் ஒண்ணாத்தான் இருந்துச்சு.

கொண்டையவும் பாத்தேன். சொல்றேனில்லீங்க, பொய் சொல்லல, பாத்தேன். ரெண்டும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. இதுல என்னத்தைக் கண்டு புடிக்கறானுவ எல்லாரும்?

இடது பக்கத்துக் கொடாப்புல இருந்ததை எடுத்துக்கிட்டேன். என்ற கையில ஏறுனதும் சும்மா இருந்துச்சு. நம்ம கோழின்னாத்தான் நம்ம கையில சும்மா இருக்கும்னு நெனைச்சுக்கிட்டேன்.

முன்னால டெம்போ வந்து நிக்குது. பங்காளியெல்லாம் ஏறி உக்காந்தாச்சு. வேலாத்தா பொங்கப் பானைய இடுப்புல வெச்சுக்கிட்டு வாசப்படியில வந்தா. என்ற கையில இருந்த சேவலைப் பாத்தா. அப்படியே நின்னுட்டா. ஏனுங்கன்னா. என்னடீன்னேன். டெம்போவுல அத்தனை பேரும் எங்களைத்தான் பாக்கறாங்க. ஒண்ணுமில்லீங்க, சித்த இருங்கன்னு சொல்லிப்போட்டு, பானைய எறக்கி வெச்சா. பூசைத் தட்டுல இருந்த குங்குமத்தை அள்ளி அந்தச் சேவலு கொண்டை பூராவும் அப்புனா. சாமி சேவலுக்கு மஞ்சக்குங்குமம் வெக்கறது வழக்கந்தான். ஒரு பொட்டு வெச்சாப் போதும். இவ கொண்டை, தாடி, ஒரு எடம் உடல. தண்ணியத் தொட்டுத் தொட்டு அப்பறா. எச்சா அப்பறாளேன்னுதான் நெனைச்சேன். அவளுக்காக வேண்டிக்கிட்ட சேவலு, அவளுக்கு ஒரு ஆசை இருக்குமில்லீங்க. அப்பிப்போட்டு, இப்ப போலாங்கன்னா. ஆப்பரேசன் பண்ணுன ஒடம்புன்னு பானைய நான் வாங்கிக்கிட்டேன்.

கோயில்ல பூசாரி தீர்த்தம் தெளிச்சாரு. சேவலு ஒடம்பை உதறுனாத்தான் சாமி ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். துளுக்கு குடுக்கறதும்போம். போன வருசம் ஒருத்தன் கெடாயி முக்கா மணி நேரம் உதறாம நின்னு சனமே வேத்துப் போச்சு. இது ஒரே தெளிப்புத்தான். தலையிலிருந்து வாலு வரைக்கும் ஒரு உதறு. குலவை போட்டாங்க. எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. வேலாத்தா மட்டும் கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, மன்னிச்சுக்கோ மன்னிச்சுக்கோன்னு சொல்லிக்கிட்டிருந்தா. இவளென்ன தப்புப் பண்ணுனா? பொம்பளைங்க சாமி முன்னால அப்படித்தான் சொல்லுவாங்க போலன்னு உட்டுட்டேன்.

அறுத்தாச்சு. எங்க பங்காளி அர்த்தனாரி சுடுதண்ணியில முக்கி ரெகையப் புடுங்கறான். ஏனுங்கண்ணா, தீச்சுப்போட்டீங்களாங்கறான். இன்னும் நெருப்புலயே காட்டலைடான்னேன். அப்பறம் ஏனுங்க கரிக்கட்டையாட்டம் இருக்குதுன்னு தூக்கிக் காட்டறான். தோலு கறுப்பு. நெஞ்சைக் கீறுனான், கறி கறுப்பு. வாயத் தொறந்தான், நாக்குக் கறுப்பு. தலையத் தண்ணியில அலசுனான். குங்குமம் கரைஞ்சு ஓடுச்சு. அண்ணா, கொண்டையும் கறுப்புங்கண்ணா, இது கடக்நாத்துங்கண்ணா, நாச்சிமுத்து சேவலுங்கண்ணா, கொண்டையப் பாத்தாக் கூடவா உங்களுக்குத் தெரியலைன்னு கத்தறான். கோயிலே திரும்பிப் பாக்குது.

அப்பத்தான் வேலாத்தா எந்திரிச்சு வந்தா. நாந்தானுங்க, அவரு பூசைச் சாமான் எடுத்து வெச்சுக்கிட்டிருந்தாரு, நாந்தான் அவசரத்துல கொடாப்பை மாத்தித் தொறந்து புடிச்சுக் குடுத்துட்டேன், அவரு பாக்கவேயில்லீங்கன்னா.

தம்பி, நீங்க இதை எப்படி எடுத்துக்குவீங்களோ தெரியல. சேவலைப் புடிச்சது நானு. அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனா அத்தனை சனம். எல்லாரும் என்னைய உட்டுட்டு அவளைப் பாக்கறாங்க. நானும் அவளைப் பாத்து, கண்ணு என்ன பொடனியிலயா இருக்குதுடீ, உனக்குன்னு நேந்த சேவலுகூடவா தெரியலைன்னு கத்தீட்டேன். அவ பொங்கப் பானைக்கிட்டப் போயி உக்காந்து அகப்பையப் போட்டுக் கிளறிக்கிட்டே இருந்தா. பொங்கல் வெந்து அரை மணி நேரம் ஆயிருந்துச்சு.

திருப்பூர்ல இருந்து நாச்சிமுத்து வந்தான். சண்டை போடுவான்னு பாத்தேன், போடல. போனது போச்சுங்க மாமான்னான். உசுருக்கு உசுருன்னு என்ற சேவலை அவனுக்கே குடுத்துட்டேன். சாமி வேண்டாம்னு உட்ட சேவலை மறுபடியும் சாமிகிட்டக் கொண்டு போகப்படாதுன்னு பூசாரி சொல்லீட்டாரு. இப்பவும் காலையில நாலு மணிக்கு வேலிக்கு அக்கட்டால கூவுது. நல்ல தொண்டை.

அதோட முடிஞ்சிருந்தா நான் இன்னைக்கு இந்த பஸ்ஸுலயே ஏறியிருக்க மாட்டேன். பத்து நாளைக்கு முன்னால வேலாத்தாளுக்கு அடி வகுத்துல மறுபடியும் வலி. ஆஸ்பத்திரியில பாத்துப்போட்டு வியாழக்கெழமை வரச் சொல்லியிருக்கறாங்க. ஸ்கேன் எடுக்கோணுமாமா. வேற ஒண்ணும் சொல்ல மாட்டீங்கறாங்க. ஊருக்குள்ள சொல்றாங்க, நேந்ததைக் குடுக்கலையில்ல, அதான்னு. என்ற முன்னால சொல்றதில்ல. நான் போனா நிறுத்திக்கறாங்க, அதுலயே தெரிஞ்சுக்க வேண்டியதுதான். பூசாரி இன்னொரு சேவலு குடுத்துருங்க, கலப்பில்லாத நாட்டுச் சேவலாக் குடுங்கன்னாரு. அதுக்குத்தான் சந்தைக்கு வந்தேன்.

இன்னைக்குக் காலையில கிளம்பறப்ப வேலாத்தா படுத்துக்கிட்டே கூப்புட்டா. ஏனுங்க, வெள்ளைச் சேவலா வாங்கிக்கிட்டு வாங்க, நான் சாமிகிட்டச் சொல்லிக்கறேன், அது ஒண்ணும் கோவிச்சுக்காதுங்கன்னா. எனக்குக் கோவம் வந்துருச்சு. கறுப்புக் கேக்கற சாமிக்கு வெள்ளையக் கொண்டு போயி நிறுத்தறதா? என்றகிட்டக் கறுப்புல சேவலு பாக்கற தெறமையில்லையா? அவ செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

சந்தையில ஒரே ஒருத்தன்கிட்டத்தான் கருஞ்சேவலு இருந்துச்சு. கருஞ்சேவலு வேணும்னேன், எடுத்துக் குடுத்தான். காலைக் கட்டித்தான் வெச்சிருந்தான், நடக்க உட்டுப் பாக்க முடியல. கூவவும் இல்ல. விலை எச்சாத்தான் சொன்னான். சுத்தமான சாமான்னா விலை எச்சாத்தான் இருக்கும்னு வாங்கிக்கிட்டேன். பஸ் ஏறி உக்காந்தப்பறந்தான் என்னமோ மாதிரி இருக்குது. முதுகு வெறுசா இருக்குது, யாரோ தட்டறதை மறந்துட்டாப்பிடி.

தம்பி, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைச்சுக்காதீங்க. உங்களைப் பாத்தாப் படிச்சவங்களாட்டம் இருக்கறீங்க. இந்தப் பைய இப்படித் தொறக்கறேன். பயப்படாதீங்க, சும்மா எட்டிப் பாருங்க. இதும்பட கொண்டை என்ன நெறம்?

எனக்குத் தெரியாம இல்லீங்க. சும்மாதான் கேக்கறேன். செவப்புத்தானுங்களே?

என்னைய எதுக்குப் பாக்கறீங்க, சேவலைப் பாருங்க. வேலாத்தாளும் அன்னைக்கு வாசப்படியில இப்படித்தான் பாத்தா. பரவால்ல, சொல்லுங்க.

அப்படீங்களா.

நல்லாப் பாத்தீங்களா? வெளிச்சத்துல புடிக்கறேன், இப்பப் பாருங்க.

சரி. சரிங்க தம்பி.

அவ அன்னைக்கு அத்தனை குங்குமத்தை அப்புனாளே. அவ உசுருக்குன்னு நேந்த சேவலுங்க அது. இது அது இல்லைன்னு ஒரு வார்த்தை வாயத் தொறந்து சொல்லியிருந்தா, டெம்போவுல இருந்த அத்தனை பேருக்கும் தெரிஞ்சு போயிருக்கும். என்ன தெரிஞ்சு போயிருக்கும்னு கேக்காதீங்க. தெரிஞ்சு போயிருக்கும், அவ்வளவுதான். நான் அவளைப் பாத்துக் கண்ணு பொடனியிலயான்னு கேட்டேன்.

சித்த வழி உடுங்க, எறங்கிக்கறேன். இல்லீங்க, என்ற ஊரு இன்னும் வரல. சந்தை மூணு மணி வரைக்கும் இருக்கும், எதுத்தாப்பல பஸ்ஸு கெடைக்கும். கண்டக்டரே, ஆளு எறங்குதுங்க! இந்தக் கறுப்பை நாச்சிமுத்துகிட்டக் குடுத்துக்கறேன், அவனுது போனதுக்குக் கடக்நாத்தாவே ஈடா இருக்கட்டும். முனியப்பன்கிட்ட அவ பேசிக்கறேன்னு சொல்லியிருக்கறா, அவங்க ரெண்டு பேரும் எப்படியோ பேசிக்கட்டும்.

அட, நீங்க வர வேண்டாங்க தம்பி, நானே வாங்கிக்குவேன். வெள்ளைச் சேவல்னா எனக்குத் தப்பாது.